மேடைக்குப் பேஸ் கிட்டார் ஆம்ப்: காரைக்குடிப் பக்கத்துத் தம்பிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி என்று இந்த வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பேஸின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியான ஆம்ப் பற்றி ரிகர்சலுக்கு வரும் தம்பிகள் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். டீக்கடையில் நின்று கேட்பார்கள், வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடுவார்கள், ராத்திரி பதினொரு மணிக்குப் போன் போட்டு மறுபடி கேட்பார்கள். எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். வரிசை எல்லாம் பார்க்கவில்லை, ஞாபகம் வந்தபடி எழுதியிருக்கிறேன்.

அண்ணே, சவுண்ட் சர்வீஸ்காரரே எல்லாம் கொண்டு வர்றாரு. நமக்குத் தனியா ஆம்ப் எதுக்கு?

முதலில் எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள். நம் பக்கம் கச்சேரி என்றால் பெரும்பாலும் மூன்று வகை. மாசி, பங்குனி வந்துவிட்டால் திருவிழா மேடை. தெருவை மறித்தோ பொட்டலிலோ போடுவார்கள். அடுத்தது கல்யாண மண்டபம். மூன்றாவது வீட்டு விசேஷம். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் அப்பச்சியின் அறுபதுக்கோ எண்பதுக்கோ சாந்தி செய்ய ஊருக்கு வந்து, பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் திறந்து, வளவில், அதாவது நடு முற்றத்தில், ஜமக்காளம் விரித்து நம்மை உட்கார வைப்பார்கள்.

திருவிழா மேடையில் உங்கள் ஆம்ப் ஜனத்துக்குக் கேட்கவே கேட்காது. ஜனத்துக்குக் கேட்பது சவுண்ட்காரரின் டாப்பும் பேஸ் பாக்ஸும். உங்கள் பெட்டி உங்களுக்கும் டிரம்காரருக்கும் மட்டும். மண்டபத்தில் பாதிக்குப் பாதி. வீட்டில்தான் அந்தப் பெட்டியே எல்லாம். திருவிழா மட்டும் வாசிக்கிற தம்பி ஆம்ப் வாங்கும் முன் ஒரு நல்ல டிஐ பாக்ஸும் (பேஸ் சிக்னலை மிக்ஸருக்குக் கெடாமல் அனுப்பும் பெட்டி, பின்னால் சொல்கிறேன்) இரண்டு நல்ல கேபிளும் வாங்கட்டும். வீட்டு விசேஷமும் வருகிறது என்றால் தூக்கக்கூடிய ஒரு காம்போ, அதாவது ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது, வேண்டும்.

எத்தனை வாட் வாங்கணும்?

கடையில் கேட்டால், கையில் எவ்வளவு காசு இருக்கிறதோ அத்தனை வாட் என்பார்கள். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நாலு கம்பி பேஸில் தடித்த இ கம்பியைச் சும்மா தட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. சாதாரண கிட்டாரின் தடித்த கம்பிக்கு 82. இந்த ஆழத்தில் நம் காது மந்தம். பாடகர் குரல் கேட்கிற அளவுக்கு பேஸும் கேட்க வேண்டுமென்றால் பல மடங்கு சக்தி தேவை. கிட்டார்காரர் 30 வாட்டில் மேடையை அலற விடுவதும், நாம் 100 வாட்டை வைத்துக்கொண்டு ‘கேக்குதா, கேக்குதா’ என்று விசாரிப்பதும் அதனால்தான்.

வாட் இரண்டு மடங்கானால் சத்தமும் இரண்டு மடங்காகும் என்று பலரும் நினைக்கிறார்கள். 100 வாட்டுக்கும் 200 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 3 டெசிபல். காதுக்கு ‘லேசா கூடியிருக்கு’ என்று தோன்றும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு என்று காதுக்குப் பட வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட். 100 வாட் பெட்டியை நஷ்டத்துக்கு விற்று 150 வாங்குகிற வேலை வேண்டாம்.

என் அனுபவத்தில் வீட்டுப் பயிற்சிக்கு 25, 40 போதும். தபேலாவும் ஆக்டோபேடும் (குச்சியால் தட்டும் எலக்ட்ரானிக் தாளப் பலகை) வைத்து வாசிக்கிற சின்னக் குழுவுக்கு 100. டிரம் செட் உட்கார்ந்தால் 200, 300க்குக் கீழே இறங்காதீர்கள். 500 வாட் வைத்திருப்பவர் அதைப் பாதிக்கு மேல் திருப்பவே மாட்டார். ஓங்கித் தட்டும்போது நோட்டு உடையாமல் வருவதற்காகத்தான் அந்த மிச்சம். திருவிழாப் பொட்டலுக்கு எத்தனை வாட் என்று மட்டும் கேட்காதீர்கள். ஆயிரம் வாட்டைத் தோளில் சுமந்து போனாலும் அங்கே காணாது.

10 இன்ச் நல்லதா, 15 இன்ச் நல்லதா?

பதினைந்து ஆழம், பத்து பளிச் என்று சொல்வார்கள். முழுக்க நம்பாதீர்கள். பெட்டியின் கொள்ளளவு, அதில் விட்டிருக்கும் துளை, ஸ்பீக்கரின் தரம் இவைதான் சத்தத்தைத் தீர்மானிக்கும். நல்ல 12 இன்ச் ஒன்று, மட்டமான 15 இன்ச்சைவிட ஆழமாகப் போகும். ஒரே ஸ்பீக்கர் என்றால் 12 வாங்குங்கள். இரண்டு 10 இருந்தாலும் நல்லது. காந்தம் நியோடைமியமா, ஃபெரைட்டா என்று கேளுங்கள். நியோடைமியம் விலை கூட, எடை நன்றாகக் குறையும். முப்பது வயதில் இது பெரிதாகத் தெரியாது.

ஓம், ஓம்னு சொல்றாங்களே, அதைக் கொஞ்சம் புரியும்படியா சொல்லுங்க.

ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டைத் தடுக்கிற அளவு; அது குறையக் குறைய ஆம்ப்புக்குச் சுமை கூடும். தனி ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்), தனி கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) வாங்கினால்தான் இந்தத் தொல்லை. ஆம்ப்பின் முதுகில் ‘4 ஓமில் 500 வாட், 8 ஓமில் 300 வாட்’ என்கிற மாதிரி எழுதியிருக்கும். 8 ஓம் கேபினெட் ஒன்றை மாட்டினால் 300 கிடைக்கும். அதே மாதிரி இன்னொரு 8 ஓம் கேபினெட்டையும் சேர்த்து மாட்டினால் இரண்டும் சேர்ந்து 4 ஓம் ஆகும், 500 முழுசாக வரும். முதலிலேயே 4 ஓம் கேபினெட்டாக வாங்கிவிட்டு, பிறகு ஆசைப்பட்டு இன்னொரு 4 ஓம் சேர்த்தால் மொத்தம் 2 ஓம். பெரும்பாலான ஆம்ப் அதைத் தாங்காது. சூடேறி நின்றுவிடும், அல்லது ஒரேயடியாகப் போய்விடும். எனவே முதல் கேபினெட் 8 ஓமாக இருக்கட்டும், பின்னால் சேர்க்க இடம் இருக்கும்.

ஆம்ப்பிலிருந்து கேபினெட்டுக்குப் போகும் வயர் வேறு, கிட்டாரிலிருந்து ஆம்ப்புக்கு வரும் வயர் வேறு. இரண்டிலும் அதே கால் இன்ச் ஜாக் இருப்பதால் மாற்றி மாட்டிவிடுவார்கள். கிட்டார் கேபிளுக்குள் இருக்கும் கம்பி நூல் மாதிரி. ஸ்பீக்கருக்குப் போகும் கரண்டை அது தாங்காது. கல்லல் பக்கம் ஒரு கச்சேரியில் மூன்றாவது பாட்டில் ஏதோ கருகுகிற வாடை வந்தது. பந்தியில் வெங்காயம் தீய்கிறது என்று நினைத்தோம். குனிந்து பார்த்தால் என் கேபினெட் வயர்! அவசரத்தில் மாற்றிச் செருகியது நானேதான். அதற்குப் பிறகு ஸ்பீக்கான் முனை உள்ள வயர் மட்டும்தான் வைத்திருக்கிறேன். செருகித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும், கிட்டாரில் செருகவே முடியாது.

பெரிய வீட்டுக்குள்ள வாசிச்சா ‘கும்’முனு அடிக்குது, எந்த நோட்டுன்னே தெரியலை. ஆம்ப் சரியில்லையா?

ஆம்ப் நன்றாகத்தான் இருக்கிறது. வீடு அப்படி.

நம் பக்கத்து வீடு எப்படிக் கட்டியிருக்கிறது என்று ஒரு தடவை காதால் பாருங்கள். தரையில் ஆத்தங்குடிக் கல், இல்லாவிட்டால் இத்தாலி மார்பிள். சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, கண்ணாடி மாதிரி வழவழ என்று இருக்கும். பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி. சத்தத்தைக் குடிக்கிற மாதிரி ஒரு திரைச்சீலைகூட இருக்காது. கை தட்டினால் தட்டினது நாலு பக்கமும் போய்த் திரும்பும். வானம் பார்த்த வளவாக இருந்தால் பரவாயில்லை, கொஞ்சம் மேலே போய்விடும். இப்போது பல வீட்டில் வளவுக்கு மேலே ஷீட் போட்டு மூடிவிட்டார்கள். பட்டாலையிலோ முகப்பு ஹாலிலோ உட்கார்ந்தால் இன்னும் மோசம்.

காரணம் எளிது. எதிரெதிர்ச் சுவர் இரண்டுக்கும் நடுவில் ஒரு குறிப்பிட்ட அதிர்வு மட்டும் போய் வந்து தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும். நாலு மீட்டர் இடைவெளி என்றால் அது 43 ஹெர்ட்ஸ். இ கம்பியில் முதல் ஃப்ரெட் (கழுத்தில் விரல் அழுத்தும் கட்டம்), அதாவது எஃப் நோட்டு, சரியாக அங்கேதான் விழுகிறது. எஃப் வரும்போது வீடே உறுமும். இரண்டு ஃப்ரெட் தள்ளி ஜி அழுத்தினால் ஆள் காணாமல் போவார். விரலில் தப்பே இருக்காது.

நெற்குப்பைப் பக்கம் ஒரு வீட்டில் எண்பது சாந்தி. புதிதாக வாங்கின பெட்டி, பெருமைக்கு பேஸ் குமிழைக் கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடத்துக்குத் திருப்பி வைத்திருந்தேன். சுவரோரம், மூலையில், தரையோடு தரையாகப் பெட்டி. இரண்டாவது பாட்டிலேயே ‘டர்ர்’ என்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று எனக்கு உயிரே போய்விட்டது. ஏ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தும்போதெல்லாம் வருகிறது. வீட்டு ஆச்சி எழுந்து வந்து காதோடு சொன்னார்கள்: “தம்பி, அந்தப் பெட்டியக் கொஞ்சம் அமத்துங்கப்பா. ஐயா படம் ஆடுது.” நிமிர்ந்தால், என் தலைக்கு மேலே மாலை போட்ட பெரிய படம், சட்டத்துக்குள் கண்ணாடி தளர்ந்து போய் அந்த நோட்டுக்கு மட்டும் கூடச் சேர்ந்து பாடுகிறது.

அன்றைக்குச் செய்ததைத்தான் இன்று வரை செய்கிறேன். பெட்டியை மூலையிலிருந்து வெளியே இழுத்தேன்; மூலை என்பது தரை, இரண்டு சுவர் என்று மூன்று பக்கமும் சேர்ந்து பேஸை ஊதிப் பெருக்கும் இடம். அடுப்படியிலிருந்து ஒரு மரப் பலகை வாங்கி, அதன் மேல் பெட்டியைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து வைத்தேன், சத்தம் முழங்காலுக்குப் போகாமல் காதுக்கு வரும்படி. பேஸ் குமிழை ஒன்பது மணிக்கு இறக்கினேன். மிட் குமிழை, அதாவது நடு ஓசைக்கான குமிழை, ஒரு மணிக்கு ஏற்றினேன். வால்யூமைத் தொடவே இல்லை. பாட்டு முடிந்ததும் பாடுகிற தங்கச்சி திரும்பி, “அண்ணே, இப்பத்தான் பேஸே கேக்குது” என்றது.

நோட்டு எது என்று காதுக்குச் சொல்வது 41 ஹெர்ட்ஸ் மட்டும் அல்ல, அதற்கு மேலே 200 முதல் 800 வரை கிளம்புகிற கிளை ஓசைகளும்தான். நம் குழுக்களில் ராஜா சார் பாட்டு இல்லாமல் கச்சேரி இல்லை; அதில் பேஸ் பாட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மெட்டுப் போட்டு நடக்கும். அந்த நடை ஜனத்துக்குத் தெரிய வேண்டுமானால் மிட் இருக்க வேண்டும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிட்டைக் குறைத்து, அடியையும் உச்சியையும் ஏற்றி வைத்தால் கேட்க சுகமாக இருக்கும். அதே அமைப்போடு மேடைக்கு வந்தால் குழுவுக்குள் கரைந்து போவீர்கள்.

இன்னொரு வில்லன் கீபோர்டு அண்ணனின் இடது கை. பேஸ் கிட்டாருக்கு ஆள் வைக்க முடியாத கச்சேரியில் அவரே பேஸும் வாசித்துப் பழகியிருப்பார். நீங்கள் வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்காது. இரண்டு பேஸ் ஒன்றாகப் போனால் சேறுதான். சண்டை வேண்டாம், ரிகர்சலில் பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

திருவிழா மேடையில நேர் எதிரா, அடியே கேட்க மாட்டேங்குதே?

பொட்டலில் சுவர் இல்லை, சத்தம் போனது போனதுதான். தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் விழுந்துவிடும். அங்கே வேலை சவுண்ட்காரருடையது. நீங்கள் செய்யக்கூடியது, அவருக்குச் சுத்தமான சிக்னல் கொடுப்பது. அவருடைய பேஸ் பாக்ஸில் ஏற்கெனவே டிரம்மின் கிக்கும் ஆக்டோபேடும் அடைத்துக் கிடக்கும். நீங்களும் அடியை ஏற்றி அனுப்பினால் மூன்றும் ஒன்றாகக் கலங்கும். உங்கள் ஆம்ப்பிலோ பெடலிலோ ஹைபாஸ் இருந்தால் 35, 40 ஹெர்ட்ஸில் வைத்து அதற்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். நஷ்டம் ஒன்றும் இல்லை, ஸ்பீக்கருக்கும் ஆயுசு.

டிஐ பாக்ஸ்னா என்ன? அவசியமா?

அவசியம். பேஸிலிருந்து வரும் சிக்னல் பலவீனமானது. ஐந்தாறு மீட்டருக்கு மேல் சாதாரண கேபிளில் இழுத்தால் பளிச்சென்ற பகுதி மங்கும், வழியில் உள்ள இரைச்சலையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போகும். மிக்ஸரோ மேடைக்கு எதிரே எங்கேயோ பந்தலுக்குள் இருக்கிறது. டிஐ பாக்ஸ் அந்தச் சிக்னலை மைக் கேபிளில் போகிற மாதிரி மாற்றி அனுப்பும். அப்படிப் போனால் ஐம்பது மீட்டர் போனாலும் கெடாது.

பாசிவ், ஆக்டிவ் என்று இரண்டு வகை. பாசிவ் உள்ளே ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், கரண்ட் தேவையில்லை. ஆக்டிவுக்கு பேட்டரியோ மிக்ஸரிலிருந்து வரும் 48 வோல்ட்டோ வேண்டும். பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவருக்குப் பாசிவ் டிஐ போதும். பேட்டரி இல்லாத பேஸுக்கு ஆக்டிவ் டிஐ நல்லது. நம் பக்கம் மிக்ஸரில் அந்த 48 வோல்ட் பட்டனைப் போட மறப்பது சகஜம். சவுண்ட் செக்கில் நீங்களே போய்க் கேளுங்கள்.

ஆம்ப்பிலேயே டிஐ வெளியீடு இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். ஃபெண்டர் ரம்பிள் வரிசையில் 25இல் கிடையாது, 40இல் உண்டு. விலை கூடத்தான் செய்யும், ஆனால் மேடைக்குப் போகிறவருக்கு அந்த ஒரு துளைதான் முக்கியம். பல ஆம்ப்பில் அதன் பக்கத்தில் ‘ப்ரீ’, ‘போஸ்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். ப்ரீயில் வையுங்கள். போஸ்ட்டில் வைத்தால், ஐயா படம் ஆடுகிறது என்று நீங்கள் பேஸைக் குறைக்கிறபோதெல்லாம் வெளியே ஜனத்துக்கும் குறையும்.

‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்று ஒரு பட்டனும் இருக்கும். ஆம்ப்பை மாட்டின உடனே ‘ம்ம்ம்’ என்று சீராக உறுமினால் அதை அழுத்துங்கள், பல நேரம் நின்றுவிடும். உறுமாமல் ‘ஸ்ஸ்ர்ர்’ என்று கரகரத்தால் அது பெரும்பாலும் சீரியல் செட், லைட் டிம்மர் இவற்றின் வேலை. ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் மாடல் வைத்திருப்பவர் இரண்டு பிக்கப் (கம்பி அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தத் துண்டு) குமிழையும் முழுசாகத் திறந்தால் உறுமல் அடங்கும்; ஒன்றைக் குறைத்தால் மறுபடி வரும். அதே கம்பெனியின் பிரிசிஷன் பேஸில் 1957லிருந்தே பிக்கப் இரண்டு துண்டாக வருவதால் அந்தத் தொல்லை குறைவு.

ஜெனரேட்டர்ல மாட்டலாமா? பயமா இருக்கு.

பயம் நல்லது. இந்த விஷயத்தில் மட்டும் நான் சொல்வதை அப்படியே கேளுங்கள்.

ஜெனரேட்டரிலிருந்து மூன்று ஃபேஸும் ஒரு நியூட்ரலும் வரும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், இரண்டு ஃபேஸுக்கு நடுவே ஏறக்குறைய 400. நியூட்ரல் எங்காவது கழன்றுவிட்டால் நம் பிளக் அந்த 400க்குள் மாட்டிக்கொள்ளும். பெரிய லைட் எல்லாம் ஒரு ஃபேஸிலும், நம் கீபோர்டும் ஆம்ப்பும் மட்டும் இன்னொரு ஃபேஸிலும் இருந்தால், சுமை குறைந்த நம் பக்கம்தான் வோல்டேஜ் எகிறும். ஒரு திருவிழாவில் இது நடந்தது. ஜெனரேட்டர் பக்கத்தில் நியூட்ரலை முறுக்கி மட்டும் விட்டிருக்கிறார்கள், போல்ட் இறுக்கவில்லை. மேடையில் டியூப் லைட் திடீரென்று வெள்ளை வெளேர் என்று எரிந்தது. “என்னடா இவ்ளோ வெளிச்சம்” என்று சிரித்துக்கொண்டிருக்கும்போதே கீபோர்டின் அடாப்டரில் புகை. அன்று என் ஆம்ப் பிழைத்ததற்கு ஒரே காரணம், ஃப்யூஸ் முதலில் போனது. லைட் திடீரென்று அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் பாட்டாவது ஒன்றாவது, முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.

பையில் ஒரு சின்ன மல்டிமீட்டர் போட்டுக்கொள்ளுங்கள். பிளக் மாட்டும் முன் ஃபேஸ், நியூட்ரல் நடுவே 220, 240க்குள் இருக்கிறதா. ஃபேஸ், எர்த் நடுவே ஏறக்குறைய அதே அளவு வருகிறதா. நியூட்ரல், எர்த் நடுவே ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அளக்கத் தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். பேஸ் கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு படும்போது சுருக்கென்றால் எர்த் சரியில்லை என்று அர்த்தம். ‘லேசாத்தான் அடிக்குது’ என்று தொடராதீர்கள். உறுமலை நிறுத்தப் பிளக்கின் மூன்றாவது பின்னைப் பிடுங்கிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தடித்த பின்தான் உங்கள் உயிர். அதைத் தொட யாரையும் விடாதீர்கள். வீட்டு விசேஷம் என்றால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் ஸ்விட்ச்) இருக்கிற லைனாகக் கேளுங்கள். நூறு வருஷத்து வீடு என்றால் வயரிங்கும் பழசாக இருக்கலாம், மறக்க வேண்டாம்.

சிங்கப்பூர்ல இருந்து சித்தப்பா ஒரு ஆம்ப் கொண்டு வர்றாராம். அமெரிக்காவுல இருந்து அத்தானும் கேட்கிறாரு. எதை வாங்கச் சொல்ல?

நம் ஊருக்கே உரிய கேள்வி. சிங்கப்பூர், மலேசியா என்றால் கவலை இல்லை, அங்கேயும் 230, 240 வோல்ட்தான். பிளக் மட்டும் சதுரப் பின், மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்கா என்றால் 120, ஜப்பான் 100. நேராக மாட்டினால் ஒரு நொடியில் பட்டாசு. சில புது ஆம்ப்பில் ‘100-240’ என்று முதுகில் எழுதியிருக்கும், அது எங்கேயும் ஓடும். சிலவற்றில் 115/230 என்று மாற்றும் பட்டன் இருக்கும். இரண்டும் இல்லாவிட்டால் ஆம்ப் இழுக்கும் வாட்டுக்குத் தக்க ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதையும் கூடவே சுமக்க வேண்டும். அத்தானிடம் முதுகைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எடை விஷயத்தில் அவருக்கும் வசதியாக, ட்ரேஸ் எலியட் எல்ஃப் போன்ற குட்டி ஹெட் கேட்கலாம்: 200 வாட், எடை ஒரு கிலோகூட இல்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது என்ன பார்க்கணும்?

உங்கள் பேஸையும் கேபிளையும் எடுத்துப் போங்கள். தடித்த கம்பியைச் சத்தமாகப் பத்து நிமிஷம் வாசியுங்கள். கோளாறு சூடான பிறகுதான் வெளியே வரும். குமிழ் திருப்பும்போது கரகரத்தால் பரவாயில்லை, சுத்தம் செய்தால் போகும். ஜாக்கை ஆட்டினால் சத்தம் விட்டு விட்டு வந்தால் சால்டரிங், அதற்கும் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஸ்பீக்கர் காகிதத்தை இரண்டு கையாலும் சமமாக, மெதுவாக உள்ளே அமுக்கிப் பாருங்கள், உரசினால் வேண்டாம். டிஐ வெளியீட்டையும் ஒரு மிக்ஸரில் மாட்டிப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

வால்வ் ஆம்ப் சத்தம்தான் சத்தம்னு சொல்றாங்களே?

சொல்வது உண்மைதான். ஆம்பெக் 1969இல் கொண்டு வந்த எஸ்விடி 300 வாட் வால்வ் ஆம்ப். பத்து இன்ச் ஸ்பீக்கர் எட்டு வைத்த, ஃப்ரிட்ஜ் உயரப் பெட்டியோடு நின்றால் வேட்டி பறக்கும். ஹெட் மட்டும் முப்பத்தைந்து கிலோவுக்கு மேல். சித்திரை வெயிலில், பந்தல் தகரத்துக்குக் கீழே, அதையும் தூக்கிக்கொண்டு மேடைப் படி ஏறிப் பாருங்கள். ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்தால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும் என்ற பயம் வேறு. அந்தச் சத்தம் பிடிக்கும் என்றால் அந்த மாதிரி ஒலிக்கிற ப்ரீஆம்ப் பெடல் ஒன்று வாங்குங்கள், டிஐயும் அதிலேயே சேர்ந்து வரும்.

அஞ்சு கம்பி வாங்கலாமா?

பாடகருக்குத் தக்கபடி சுருதியை இறக்குகிற குழுவாக இருந்தால் உதவும். ஆனால் ஐந்தாவது கம்பி பி, 31 ஹெர்ட்ஸ். சின்னப் பெட்டியில் அது சத்தமாக வராது, ஸ்பீக்கர் மட்டும் முன்னும் பின்னும் ஓடும். நாலு கம்பியில் முதலில் கை பழகட்டும்.

பெடல் என்னென்ன வேணும்?

டியூனர். அப்புறம் டியூனர். காசு மிச்சம் இருந்தால், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர். பயிற்சிக்கு ஜூம் பி1 ஃபோர் மாதிரி எல்லாம் ஒன்றில் அடங்கியது போதும். ஒரே அடாப்டரில் ஐந்து பெடலை ஓட்டினால் கிணுகிணு என்று இரைச்சல் வரும், தனித்தனி வெளியீடு உள்ள பவர் சப்ளை வாங்குங்கள்.

வெயில்ல பாதியில ஆம்ப் நின்னுடுச்சு. போயிடுச்சா?

பெரும்பாலும் போயிருக்காது. இப்போதைய இலகு ஆம்ப்களில் சூடு மீறினால் தானாக அணையும் ஏற்பாடு உண்டு. நிழலில் பத்து நிமிஷம் விட்டால் திரும்பி வரும். மேடை போடுகிறவர் பெட்டியின் முதுகில் திரைத்துணியைச் சாத்திவிடுவார், ஃபேன் மூச்சு முட்டும். ஒரு சாண் இடைவெளி விடச் சொல்லுங்கள். நாலு மணிக்கு சவுண்ட் செக் முடித்துவிட்டு பேஸை மேடையிலேயே வைத்துவிட்டு டிபனுக்குப் போவதும் வேண்டாம். வெயில் பட்டுக் கழுத்து நகர்ந்து, ஏழு மணிக்கு ஒரு கம்பியும் சேராது. ஆக்டிவ் பேஸில் ஜாக்கைச் செருகியபடி விட்டால் பேட்டரியும் தீர்ந்துகொண்டே இருக்கும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல?

2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி, ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக்காக அரசு வருஷத்தில் சில நாள் நள்ளிரவு வரை தளர்த்தலாம். அனுமதிச் சீட்டை விழாக் கமிட்டிதான் வாங்க வேண்டும். பத்தாகும்போது போலீஸ்காரர் வந்து நிற்பது என்னவோ மேடைக்கு முன்னால்தான். பெரிய பாட்டுகளை ஒன்பதரைக்குள் முடிக்கும்படி வரிசை போடச் சொல்லுங்கள்.

மேடை ஏறியாச்சு, எண்ணிக்கை விட்டாச்சு, சத்தமே வரலை. எதை முதல்ல பார்க்க?

பதறி ஆம்ப்பைத் திருகாதீர்கள். கையிலிருந்து தொடங்குங்கள். பேஸின் வால்யூம் குமிழ், சட்டைப் பட்டன் பட்டுத் திரும்பியிருக்கும். அடுத்து ஜாக், பாதி வெளியே வந்திருக்கும். ஆக்டிவ் என்றால் பேட்டரி. புதியது ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். அடுத்து கேபிளை மாற்றுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பெடலையெல்லாம் விட்டுவிட்டு பேஸை நேராக டிஐயில் மாட்டி சவுண்ட்காரருக்குக் கை காட்டுங்கள், மானிட்டரில் கேட்டு வாசித்துவிடலாம். இத்தனையும் செய்யும் முன் காலடியில் ஒரு பார்வை. பாதி நேரம் டியூனர் பெடல்தான் மியூட்டில் இருக்கும்.